விமான விபத்தின் அசைவூட்டம்: கருவி பதிந்தது எவ்வளவு, நாம் வரைந்தது எவ்வளவு

2025 ஜூன் 12 அன்று பிற்பகல் 1.38 மணிக்கு அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா 171 விமானம், ஓடுபாதையை விட்டு எழும்பிய அரை நிமிடம் அளவில், அருகிலிருந்த மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்களின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள். தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த விபத்தின் கணினி அசைவூட்டப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டன. விமானம் எப்படி எழுந்தது, எங்கே தடுமாறியது, விமானிகள் எதைச் செய்யத் தவறினார்கள் என்பதையெல்லாம் அவை காட்டின. அந்த நேரத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகளும் இடிபாடுகளுக்குள்தான் கிடந்தன. முதற்பெட்டி மறுநாளும் இரண்டாவது பெட்டி ஜூன் 16 அன்றும்தான் மீட்கப்பட்டன.

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் ஓர் அண்ணாச்சி அந்தப் படங்களில் ஒன்றை எனக்குக் காட்டினார். "தம்பி, ரெக்கையில உள்ள அந்த மடலை எறக்காமலே கெளப்பிட்டாம்லா. படத்துலதான் தெளிவாத் தெரியுதுல்லா" என்றார். உண்மையில் படத்தில் அது மிகத் தெளிவாகவே தெரிந்தது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் மடல்கள் முழுவதும் உள்ளிழுக்கப்பட்ட நிலையில், ஒளியும் நிழலும் சரியாக விழும்படி, தேர்ந்த கை ஒன்று அதை வரைந்திருந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, நம் நாட்டின் விமான விபத்துப் புலனாய்வுச் செயலகம் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கை, ஃபிளாப் நெம்புகோல் 5 பாகை நிலையில் உறுதியாகப் பொருந்தி இருந்ததாகவும், புறப்பாட்டுக்கு அது வழக்கமான நிலையே என்றும் சொன்னது. அதற்குள் அண்ணாச்சி பார்த்த படத்தைப் பல லட்சம் பேர் பார்த்து முடித்து, நம்பியும் முடித்திருந்தார்கள்.

விமான விபத்து அறிக்கைகளில் உள்ள எண்களைக் கொண்டு அசைவூட்டம் செய்து, வானூர்திப் பொறியியல் படிக்கும் இப்பகுதி மாணவர்களுக்குக் காட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. இந்தக் கலையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையும் அதன் வரைபடங்களும் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை, பத்து விநாடி அசைவூட்டம் புரியவைத்துவிடுவதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அந்த மதிப்பின் காரணமாகவே, அது எந்த இடத்தில் அறிவதை நிறுத்திவிட்டு வரைவதைத் தொடர்கிறது என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கறுப்புப் பெட்டியில் உள்ள பறப்புத் தரவுப் பதிவுக் கருவி படம் எதையும் எடுப்பதில்லை. எண்களை மட்டுமே வரிசையாக எழுதுகிறது. 1950களில் ஜெட் பயணிகள் விமானங்களில் முதலாவதான காமெட் அடுத்தடுத்து விழுந்து நொறுங்கியபோது, விமானி அறைக் குரல்களையும் கருவி அளவீடுகளையும் சேர்த்துப் பதிந்து வைத்தால் என்ன என்று மெல்பர்னில் பணியாற்றிய ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன் யோசித்ததிலிருந்து இந்தக் கருவியின் வரலாறு வளர்கிறது. தொடக்ககாலக் கருவிகள் பல, உலோகத் தகட்டின் மீது ஊசியால் கீறி, உயரம், வேகம், திசை, செங்குத்து முடுக்கம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய விவரங்களை மட்டும் பதிந்தன. இன்றைய போயிங் 787 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவரங்களைப் பதிகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பதிவதில்லை. பொதுவாகச் செங்குத்து முடுக்கம் விநாடிக்கு எட்டு முறையும், மூக்கு ஏறி இறங்கும் கோணம் நான்கு முறையும், உயரம் ஒரே ஒரு முறையும் பதிவாகும். காணொளிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், உயரத்தைப் பொறுத்தவரை அவற்றில் ஒன்றுக்குத்தான் ஆதாரம் உண்டு. மற்ற 24 ஃபிரேம்களையும் முன்னும் பின்னும் உள்ள அளவுகளைக் கொண்டு கணினி கணக்கிட்டு நிரப்புகிறது. சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நின்று தூணுக்குத் தூண் தாமிரபரணியின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்துவிட்டு, அந்தப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைப்பதைப் போன்றது இது. இரண்டு தூண்களுக்கு நடுவில் மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் கோட்டுக்கு அது தெரியாது.

பெரும்பாலும் இந்த நிரப்பல் சரியாகவே இருக்கும். அறுபது, எழுபது டன் எடையுள்ள விமானம் ஒரு விநாடிக்குள் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்துவிட முடியாது. இருந்தாலும் நிரப்பல் பிசகும்போது அது எப்படிப் பிசகுகிறது என்பதைத் திரைக்கு அருகில் அமர்ந்து பார்ப்பது நல்ல பாடம். விமானத்தின் திசைக்கோணம் 358, 359, 1, 2 என்று வடக்கைக் கடந்து போகிறது என்று வையுங்கள். 359 க்கும் 1 க்கும் இடையில் உள்ளவற்றை நிரப்பு என்று கணினியிடம் சொன்னால், அது 359 இலிருந்து கீழிறங்கி 180 வழியாக 1 க்கு வந்து சேரும்; திரையில் ஒரு பெரிய பயணிகள் விமானம் ஒரே விநாடியில் பம்பரமாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றி நிற்கும். மாணவர்கள் சிரிப்பார்கள், உடனே திருத்திவிடுவோம். தரையிறங்கும் கணத்தில் வேறொன்று நடக்கும். கீழே இறங்கிக்கொண்டே வந்த உயரம் திடீரென்று மாறாமல் நிற்கும்போது, வழவழப்பான வளைகோட்டால் நிரப்பினால், அந்த வளைவு சற்றே கீழே போய்விட்டு மேலே வரும். சக்கரங்கள் தார்ப்பரப்புக்குள் அரையடி அமிழ்ந்து எழும். அதையும் கண்டுபிடித்துத் திருத்திவிடுவோம். எனக்குக் கவலை தருவது இதன் அடுத்த பகுதி. அதே வளைகோடு நடுவானிலும் இதே போன்ற சிறு குழியையும் மேட்டையும் உண்டாக்குகிறது. அங்கே தார்ப்பரப்பு இல்லாததால் யார் கண்ணிலும் அது படுவதில்லை. பார்ப்பவர், "இந்த இடத்தில் விமானி மூக்கை லேசாகத் தூக்கியிருக்கிறார்" என்று சொல்லக்கூடும். தூக்கியது வளைகோடாக இருக்கலாம்.

எண் பதிவாகி இருந்தாலும், அது எதன் எண் என்று தெரிய வேண்டும். அகமதாபாத் விபத்தில் விமானம் 625 அடி உயரம் வரை சென்றது என்று அன்று எல்லா இடங்களிலும் சொன்னார்கள். அது விமானம் தானே வானொலியில் ஒலிபரப்பிய காற்றழுத்த உயரம். அன்றைய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தப்படாத அளவு. போதாததற்கு அகமதாபாத் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 அடி உயரத்தில் இருக்கிறது. இவற்றைக் கழிக்காமல் 625 அடியைத் தரையிலிருந்து அளந்து வரைந்த படங்கள், விமானத்தை அது ஒருபோதும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுசென்றன. ஓடுபாதையின் நடுவிலிருந்தே ஓடத் தொடங்கியது என்று வரைந்த படங்களும் வந்தன. அதற்கு முந்தைய நேரத்தில் விமானம் ஒலிபரப்பிய சமிக்ஞைகள் தரையில் உள்ள ஏற்பிகளுக்கு எட்டாததால் வந்த பிழை அது. விமானம் ஓடுபாதையின் கடைசி வரை போய்த் திரும்பி, முழு நீளத்தையும் பயன்படுத்தியதாகப் பின்னர் உறுதியானது.

காலத்தைப் பொருத்துவது இன்னொரு பெரிய வேலை. தரவுப் பதிவிக்கு ஒரு கடிகாரம், குரல் பதிவிக்கு ஒரு கடிகாரம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒலிப்பதிவுக்கு ஒரு கடிகாரம். விமானி பேசுவதற்காக வானொலிப் பொத்தானை அழுத்தும் கணம் தரவுப் பதிவியில் ஓர் அடையாளமாக விழும். அதே பேச்சு குரல் பதிவியிலும் கோபுரத்திலும் ஒலியாக இருக்கும். இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி மூன்றையும் ஒரே காலக்கோட்டில் நிறுத்துவார்கள். ஒரு விநாடி பிசகினாலும், எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன்பே விமானி செயல்பட்டார் என்றோ, ஒலித்த பிறகும் சும்மா இருந்தார் என்றோ படம் சொல்லிவிடும்.

நல்ல அசைவூட்டம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஏர் பிரான்ஸ் 447 ஐத்தான் நான் எப்போதும் காட்டுவேன். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற அந்த ஏர்பஸ் 330 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த பதிவுக் கருவிகள் 2011 மே மாதத்தில்தான் எடுக்கப்பட்டன. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்து, தானியங்கிக் கட்டுப்பாடு விலகிய கணத்திலிருந்து கடலில் விழுந்தது வரை நான்கரை நிமிடம்கூட இல்லை. அந்த எண்களை அட்டவணையில் படிக்கும் மாணவருக்கு ஒன்று விளங்கவே விளங்காது: மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, எஞ்சின்கள் முழு விசையில் ஓடுகின்றன, ஆனாலும் விமானம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடி வேகத்தில் கீழே போகிறது. விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து வரைந்து, அது பார்க்கும் திசையை ஓர் அம்பாலும் உண்மையில் போகும் திசையை வேறோர் அம்பாலும் காட்டினால், இரண்டு அம்புகளும் நாற்பது பாகை அளவுக்குப் பிரிந்து நிற்பது கண்ணில் அறையும். தூக்குவிசையை இழப்பது, அதாவது ஸ்டால், என்றால் என்ன என்பது அந்தக் கணத்தில் புரிந்துவிடுகிறது. வேகம் 60 நாட்டுக்கும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) குறைவாக அளவிடப்பட்டபோது கணினி அந்த அளவை நம்பாமல் ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திக்கொண்டது என்பதும், விமானி மூக்கைத் தாழ்த்தியபோது வேகம் மீண்டும் செல்லுபடியாகி எச்சரிக்கை திரும்ப ஒலித்தது என்பதும், சரியான செயலுக்குத் தண்டனை கிடைப்பது போன்ற அந்தக் கொடுமையும், ஒலியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சில் ஏறுகிறது.

இவ்வளவு உதவும் அதே அசைவூட்டத்தில் ஒரு பெரிய வெற்றிடமும் உண்டு. அந்த விமானத்தில் இடது பக்கத் திரையில் தெரிந்த வேகமும் நடுவிலிருந்த மாற்றுக்கருவியில் தெரிந்த வேகமும் பதிவாயின. வலது பக்கத் திரையின் வேகம் பதிவாகவில்லை. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் வலது இருக்கையில் இருந்தார். அவர் கை நெம்புகோலை எப்படி இழுத்தது என்பது நமக்குப் பாகைக் கணக்கில் தெரியும்; அவர் கண் முன்னே எந்த எண் நின்றது என்பது தெரியாது. ஆகவே விமானி அறையை உள்ளிருந்து காட்டும் அசைவூட்டம் எதுவாக இருந்தாலும், வலது திரையில் ஏதேனும் ஒரு வேகத்தைக் காட்டினால் அது வரைந்தவரின் எண். நான் அந்தத் திரையைச் சாம்பல் நிறத்தில் வெறுமையாக விட்டு, "பதிவில்லை" என்று அதன் மேலேயே எழுதிவிடுவேன். பார்க்க நன்றாக இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இறந்துபோன ஒருவர் எதைப் பார்த்தார் என்று நானாக முடிவுசெய்வதைவிட, நன்றாக இல்லாத படத்தைக் காட்டுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பதிவாகாததைக் கணக்கிட்டே கண்டுபிடித்த நிகழ்வும் உண்டு. அது எவ்வளவு பாடுபட்டுச் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1994 செப்டம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் அருகே யுஎஸ்ஏர் 427, ஒரு போயிங் 737, அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் புரண்டு விழுந்து 132 பேர் இறந்தனர். வால்பகுதியில் உள்ள சுக்கான் எந்தப் பக்கம் திரும்பியது என்பதே முழு வழக்கும். அந்த ஒன்றுதான் பதிவாகவில்லை. "சுக்கான் நிலையைப் பதியாமல் வேறு எதைப் பதிந்தார்கள், சார்?" என்று பணகுடியிலிருந்து வரும் ஒரு மாணவி வகுப்பில் கோபத்தோடு கேட்டாள். அவள் தந்தை மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அளவீடு என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. அக்காலத்து விதி அவ்வளவைத்தான் கேட்டது என்பதே பதில். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1991 மார்ச் 3 அன்று, கொலராடோ ஸ்பிரிங்ஸில் அதே வகை விமானம் ஒன்று அதே போல விழுந்தபோது, அதன் கருவி பதிந்தது ஐந்தே ஐந்து விவரங்களை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தினர், திசைக்கோணம் மாறிய வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு விமானத்தைத் திருப்பச் சுக்கான் எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும் என்று வருவித்தார்கள். சுக்கானை இயக்கும் வால்வு சிக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பக்கூடும் என்பதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். அறிக்கை முடிய நான்கரை ஆண்டுகள் ஆயின. அந்த அசைவூட்டத்தில் திரும்பும் சுக்கான் வருவிக்கப்பட்ட சுக்கான். ஆனால் அதன் ஒவ்வொரு பாகைக்கும் பின்னால் கணக்கு உண்டு. பிற்காலத்தில் புதிய விமானங்கள் 88 விவரங்கள் வரை பதிய வேண்டும் என்று அமெரிக்க விதி மாறியதில் இந்த விபத்துகளுக்குப் பெரிய பங்கு இருந்தது.

வருவித்ததையும் பதிந்ததையும் ஒரே வண்ணத்தில் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டிடபிள்யூஏ 800 சாட்சி. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அந்த 747 வெடித்து 230 பேர் இறந்தார்கள். ஏவுகணை தாக்கியதாகப் பேச்சு எழுந்தது. வானத்தில் ஒளிக்கீற்று மேலேறியதைக் கண்டதாகப் பலர் சொன்னார்கள். 1997 நவம்பரில் எஃப்பிஐ நடத்திய செய்தியாளர் சந்திப்பில், சிஐஏ தயாரித்த அசைவூட்டம் ஒன்று காட்டப்பட்டது. மூக்குப் பகுதி உடைந்து விழுந்த பிறகு எஞ்சிய விமானம் தீப்பற்றியபடி பல ஆயிரம் அடி மேலேறியது, மக்கள் கண்டது அதைத்தான் என்று அது சொன்னது. வெடிப்போடு மின்சாரம் அறுந்து பதிவுக் கருவிகள் இரண்டும் நின்றுவிட்டன. ஆக, படத்தில் மிக முக்கியமான அந்த ஏற்றம் முழுவதும் பதிவு நின்ற பிறகு நடந்தது. கணக்கு இருந்தது, ராடார் தடயம் இருந்தது. ஆனால் பார்த்தவர்களுக்கு வெடிப்புக்கு முந்தைய விநாடியும் பிந்தைய விநாடியும் ஒரே உறுதியோடு தெரிந்தன. நேரில் கண்டவர்கள் பலர், நாங்கள் பார்த்தது அதுவல்ல என்றார்கள். நடு எரிபொருள் தொட்டியின் வெடிப்பே காரணம் என்று 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பு வாரியம் விரிவான ஆதாரங்களோடு முடிவுசெய்தது. அந்த முடிவு வலுவானது. அப்படியிருந்தும் அந்த அசைவூட்டம் விதைத்த ஐயம் இன்னும் ஓயவில்லை. உண்மையான முடிவுக்குக்கூட மிகையான படம் ஊறு செய்யும் என்பதை நான் அதிலிருந்தே கற்றேன்.

நீதிமன்றத்திலும் இதே சிக்கல் உண்டு. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் இடிமேகத்தின் கீழ்நோக்கிய காற்றில் சிக்கி விழுந்த டெல்டா 191 தொடர்பான வழக்கில் கணினி அசைவூட்டம் சாட்சியமாகக் காட்டப்பட்டது. அதற்குப் பிறகு இது சட்டத்துறையின் கருவியும் ஆகிவிட்டது. புலனாய்வின் நோக்கம் அதுவல்ல. பழியையும் பொறுப்பையும் பங்கிடுவதற்காக அன்றி, மீண்டும் நிகழாமல் தடுப்பதற்காக மட்டுமே விபத்துப் புலனாய்வு என்று சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13 ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது.

மீண்டும் அகமதாபாத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முதற்கட்ட அறிக்கை வந்த பிறகு பரவிய படங்கள்தான் என்னை இதை எழுத வைத்தன. விமானம் எழும்பிய சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும், ஒரு விநாடி அளவு இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிப்பு நிலைக்கு மாறின என்று அறிக்கை கூறுகிறது. ஏன் துண்டித்தாய் என்று ஒரு விமானி மற்றவரைக் கேட்டதாகவும், நான் செய்யவில்லை என்று அவர் சொன்னதாகவும் கூறுகிறது. யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று அறிக்கை சொல்லவில்லை. அந்த அடக்கம் வேண்டுமென்றே காக்கப்பட்டது. எழுத்தில் "ஒரு விமானி" என்று எழுதிவிட முடியும். படத்தில் "ஒரு விமானி"யை வரைய முடியாது. இடது இருக்கைக்காரரின் உதட்டை அசைக்க வேண்டும், இல்லையென்றால் வலது இருக்கைக்காரரின் உதட்டை அசைக்க வேண்டும். சுவிட்சு மாறியது என்று எழுதலாம்; படத்தில் ஒரு கை வந்தாக வேண்டும் என்று வரைபவருக்குத் தோன்றுகிறது. நான் பார்த்த சில படங்களில் கை வந்தது. சட்டைக் கையின் தோள்பட்டைக் கோடுகள்கூட எண்ணத்தக்க அளவுக்குத் துல்லியமாக வந்தது. பதிவுக் கருவிக்குச் சுவிட்சின் நிலை மட்டுமே தெரியும். கையை எந்தக் கருவியும் பதியவில்லை. அந்த விமானிகள் இருவருக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது.

அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் தன் அசைவூட்டங்களில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்டக்கூடியது. ஹட்சன் ஆற்றில் 2009 ஜனவரி 15 அன்று இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் 1549 போன்ற விபத்துகளுக்கு அவர்கள் தயாரித்த படங்களில் விமானிகளின் உருவம் இல்லை. குரலுக்குப் பதில் எழுத்து வருகிறது. குரல் பதிவின் ஒலியை வெளியிட அந்நாட்டுச் சட்டமே இடம் தருவதில்லை. விபத்து நேரத்து வானிலையும் பார்வைத் தெளிவும் படத்தில் காட்டப்படவில்லை என்ற குறிப்பு இடம்பெறுகிறது. திரையின் ஓரத்தில் வேகமும் உயரமும் எண்களாக ஓடுகின்றன. வறட்சியான படம்தான். அந்த வறட்சியே அதன் நேர்மை.

நம் பக்கத்து விபத்துகள் என்றால் மாணவர்கள் கேட்பது மங்களூரையும் கோழிக்கோட்டையும்தான். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தென்காசியிலும் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். திருவனந்தபுரம் போய் ஏறுகிறார்கள். துபாயிலிருந்து வந்த அந்த இரண்டு விமானங்களும் இவர்களுக்குச் செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்தார்கள். 144 நாட் வேகத்தில், 50 அடி உயரத்தில் ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்க வேண்டிய விமானம், 160 நாட்டுக்கும் மேலான வேகத்தில் 200 அடி உயரத்தில் கடந்தது. 8,033 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. எஞ்சியது 860 மீட்டர் அளவு. தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்தில் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டுவதற்கு முன்பு, சிறிய ஏடிஆர் விமானங்கள் வந்துபோன காலத்தில், அதன் நீளம் 1,350 மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத இடத்தில் ஒரு போயிங் 737 நிற்க வேண்டியிருந்தது என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும்.

மங்களூரை வரைவதில் உள்ள சங்கடம் வேறு. கடைசி இரண்டு நிமிடத்தை வரைந்தால், மூன்று முறை "திரும்ப மேலெழுப்புங்கள்" என்று துணை விமானி சொல்லியும் கேட்காத ஒரு கேப்டன்தான் தெரிவார். விசாரணை நீதிமன்ற அறிக்கையோ அவர் அதற்கு முன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் உறங்கியிருந்ததையும், எழுந்தவுடன் அறிவு தெளியாத அந்த மந்தநிலையையும், மங்களூரின் ராடார் மே 20 முதல் இயங்காமல் இருந்ததால் விமானம் தாமதமாகவே கீழிறங்க அனுமதிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறது. உறக்கத்துக்கு அசைவு இல்லை. பழுதான ராடாருக்கும் அசைவு இல்லை. அசைவூட்டம் அசைவதை மட்டுமே காட்டும். ஆகவே அந்தப் படத்தை நான் இறங்குமுகத்திலிருந்து தொடங்குவதில்லை. நெடுநேரம் எதுவுமே மாறாமல் ஓடும் காலக்கோட்டை முதலில் காட்டி, குரல் பதிவில் மூச்சொலி மட்டும் கேட்கும் நீளத்தை அதில் நிழலிட்டு, அதன் பிறகே விமானத்தைக் கொண்டுவருகிறேன்.

இப்போது கோழிக்கோட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் இறங்கி, 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித் தரையைத் தொட்டு, மேட்டிலிருந்து விழுந்து, 21 பேர் இறந்த விபத்து. தரையைத் தொடாமலே அது கடந்த அந்தத் தூரம் ஏறத்தாழ 1,350 மீட்டர். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வேகம், உயரம், பின்காற்று, பிரேக் எல்லாவற்றுக்கும் அறிக்கையில் எண் இருக்கிறது. கேப்டன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் முதல் முயற்சியின்போது நின்றுவிட்டதையும் இரண்டாவது முயற்சியில் அது மெதுவாகவே ஓடியதையும் அறிக்கை சொல்கிறது. அந்தக் கண்ணாடி வழியாக ஓடுபாதை விளக்குகள் எவ்வளவு தெரிந்தன என்பதற்கு மட்டும் எண் இல்லை. மழைத்துளியும் மங்கிய விளக்கும் வைத்து மிக உருக்கமான ஒரு காட்சியை என் கணினியால் ஓரிரவில் ரெண்டர் செய்துவிட முடியும். மாணவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் கண்ணாடியைச் சாம்பல் நிறத்தில் விட்டு, வைப்பரின் வேகத்தைப் பற்றி அறிக்கை சொல்லும் வரியை அதன் மேல் எழுதி, பின்காற்றின் அளவைப் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறேன். விமானம் வெளியிலிருந்து தெரியும் காட்சியில், பதிவான கணங்களில் அதன் பாதை அழுத்தமான கோடாகவும், நான் நிரப்பிய இடைவெளிகளில் புள்ளிக்கோடாகவும் வருகிறது. பதிவு நின்ற இடத்தில் கோடும் நிற்கிறது. மேட்டிலிருந்து விழும் காட்சியை நான் வரையப் போவதில்லை. இந்தப் பருவத் தேர்வுக்கு முன்பு வகுப்பில் காட்டிவிட வேண்டும் என்று வேலை நடக்கிறது.